பிரியம் இருந்தால் நட்பாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் 'தி அமெரிக்கன்ஸ்' என்ற உளவுத் தொடரைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை தலையாட்டிக்கொண்டே படித்தேன். இரண்டாம் முறை ஒரு வாக்கியத்தின் கீழே பேனாவால் கோடு போட்டுவிட்டேன். 'ஃபிலிப் ஸ்டானை மனதார நேசித்தான். ஆகவே அது நட்புதான்' என்பது அந்த வாக்கியம். அதிலுள்ள 'ஆகவே' என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. மற்றபடி நல்ல கட்டுரை. தொடரில் வரும் யங் ஹீயைச் சீனப் பெண் என்று எழுதியிருப்பதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அவள் கொரியப் பெண்.

நான் 31 ஆண்டுகள் ஆயுள் காப்பீட்டு முகவராக இருந்து ஓய்வு பெற்றவன். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். இந்தத் தொடரை என்னைப் பார்க்க வைத்தவள் என் மகள். "அப்பா, இது உங்கள் தொழிலைப் பற்றிய கதை" என்று கிண்டல் செய்துதான் முதல் அத்தியாயத்தைப் போட்டாள். 2013 முதல் 2018 வரை ஆறு பருவங்களாக ஒளிபரப்பான தொடர். மொத்தம் 75 அத்தியாயங்கள். முழுவதையும் பார்த்து முடித்தபோது அவள் சொன்னதில் கிண்டல் எதுவும் மிச்சமில்லை.

பார்க்காதவர்களுக்கு நாலு வரி. 1980களில் வாஷிங்டன் புறநகரில் ஃபிலிப், எலிசபெத் என்ற தம்பதி பயண முகவர் நிறுவனம் நடத்திக்கொண்டு, இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, அக்கம்பக்கத்தாரைப் போலவே வாழ்கிறார்கள். இருவரும் சோவியத் உளவு அமைப்பான கேஜிபி அனுப்பிய ஆட்கள். எதிர்வீட்டுக்குக் குடிவருகிறான் ஸ்டான் பீமன். அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயில் உளவாளிகளைப் பிடிப்பதுதான் அவன் வேலை. தொடரை உருவாக்கிய ஜோ வைஸ்பெர்க் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவில் வேலை பார்த்தவர். 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம், சாதாரணக் குடிமக்களாக அமெரிக்காவில் வாழ்ந்துவந்த ரஷ்ய உளவாளிகள் பத்துப் பேரை எஃப்பிஐ கைது செய்ததே இந்தக் கதைக்குப் பொறி. முடிவையும் நான் சொல்லத்தான் போகிறேன். முடிந்து இத்தனை ஆண்டுகளான தொடருக்கு இனியும் ரகசியம் காக்க எனக்குப் பொறுமையில்லை.

கட்டுரையாளர் ஃபிலிப்–ஸ்டான் இணையிலிருந்து தொடங்கினார். நான் யங் ஹீயிடமிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அவர் வாதம் முறிந்துவிழுகிற இடம் அதுதான்.

யங் ஹீ வீடு வீடாகப் போய் அழகுசாதனப் பொருட்கள் விற்பவள். வாய் ஓயாத பெண். எதற்கும் சிரிப்பாள், அடுத்தவரையும் சிரிக்க வைப்பாள். எலிசபெத் பெயரை மாற்றிக்கொண்டு, தலைமுடியை மாற்றிக்கொண்டு அவளிடம் வந்து ஒட்டிக்கொள்கிறாள். யங் ஹீ வீட்டுக்கு அழைக்கிறாள், பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்துகிறாள், அடுக்களைக்குள் நிற்க வைத்துக் கதை பேசுகிறாள். பார்க்கிற நமக்கு ஒன்று புரிகிறது: எலிசபெத் நடிக்கவில்லை. தொடர் முழுவதும் உதட்டை இறுக்கிக்கொண்டு திரிகிற பெண் இந்த வீட்டில் மட்டும் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவள் வாழ்க்கையில் தோழி என்று சொல்ல வேறு யாரும் கிடையாது.

எலிசபெத்துக்கு வேண்டியது யங் ஹீ அல்ல, அவள் கணவன் டான். அபாயமான கிருமிகளை வைத்திருக்கும் ஆய்வகத்தின் கதவு திறக்க அவன் மூலம் வழி வேண்டும். அதற்காக அவனுக்கு மயக்க மருந்து கொடுத்து, இருவருக்கும் இடையே ஏதோ நடந்துவிட்டதாக நம்ப வைக்கிறாள். பிறகு கருவுற்றதாகச் சொல்கிறாள். அதற்கும் பிறகு, அவள் தற்கொலை செய்துகொண்டாள் என்று அவனிடம் பொய்ச் செய்தி போகிறது. அவன் நிலைகுலைந்து நிற்கும் நேரத்தில் கேஜிபி ஆட்கள் வேலையை முடித்துவிட்டுப் போகிறார்கள்.

இந்தச் சதி எனக்கு மறந்துவிடும். மறக்காதது அதன் பின்னால் வரும் ஒரு சின்னக் காட்சி. எலிசபெத் தொலைபேசிப் பதிவுக் கருவியைத் தட்டிவிட்டுக் கேட்கிறாள். யங் ஹீயின் குரல் வருகிறது. கணவன் ஏனோ ஒரு மாதிரி இருக்கிறான், உன்னிடம் பேச வேண்டும், எங்கே போய்விட்டாய் என்று கேட்கிற குரல். தன் குடும்பத்தை உடைத்தவளிடமே ஆறுதல் தேடி வருகிறாள் அந்தப் பெண். எலிசபெத் ஒரு பதிலும் சொல்லாமல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்போது அந்த 'ஆகவே'யை இங்கே பொருத்திப் பாருங்கள். எலிசபெத் யங் ஹீயை மனதார நேசித்தாள். ஆகவே அது நட்புதான். நாக்கு கூசவில்லையா?

கூப்பிய கைக்குள்ளும் ஆயுதம் மறைந்திருக்கும், பகைவர் அழுகிற கண்ணீரும் அப்படிப்பட்டதே என்று 'கூடா நட்பு' அதிகாரத்தில் எச்சரிக்கிறார் வள்ளுவர். துறவி வேடம் போட்டாவது உளவறியும் ஒற்றனைப் பற்றி 'ஒற்றாடல்' அதிகாரத்தில் அரசனுக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே. இரண்டையும் ஒரே பொருட்பாலில் வைத்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. ஆனால் அந்தக் கண்ணீர்க் குறள் எலிசபெத்துக்குப் பொருந்தாது. பசுத்தோல் போர்த்திய புலி என்றாலும் பொருந்தாது. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவனைக் காலப்போக்கில் கண்டுபிடித்துவிடலாம். எங்காவது சாயம் வெளுக்கும். இவளுக்கு உள்ளேயும் பிரியம், வெளியேயும் பிரியம். பிரியம் உண்மையாக இருந்ததால்தான் கதவு திறந்தது. பொய்ப் பிரியத்தை யங் ஹீ போன்ற ஒருத்தி இரண்டே நாளில் மோப்பம் பிடித்திருப்பாள். அவளும் ஆட்களைப் படித்தே பொருள் விற்கிறவள்தானே.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் தொழிலில் சேர்ந்த முதல் நாள் எங்களை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொன்னார்கள். உறவினர், உடன் படித்தவர், பக்கத்து வீட்டுக்காரர், யாரையும் விடக்கூடாது. அறுபதைத் தாண்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. எழுதி முடித்தபோது, அதுவரை மனிதர்களாக இருந்தவர்கள் ஒரு பட்டியலாகியிருந்தார்கள். பிறகு நாட்குறிப்பு வந்தது. யாருக்கு என்று பிறந்த நாள், யார் மகளுக்கு எப்போது தேர்வு, யார் தந்தைக்கு எந்த மாதம் அறுவை சிகிச்சை, எல்லாம் சிவப்பு மையில். சரியான நாளில் போய் நலம் விசாரிப்பேன். விசாரித்தது பொய்யா என்றால் இல்லை. பிரீமியம் நினைவே இல்லாமல் போனேனா என்றால் அதுவும் இல்லை. இரண்டும் ஒரே சைக்கிளில் ஏறி வந்தன. எது முன்னால் உட்கார்ந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது.

உளவுத்துறையில் ஆள் பிடிப்பதற்கு நாலு கொக்கிகள் சொல்வார்கள்: பணம், கொள்கை, மிரட்டல், அகந்தை. தனிமையை அந்தப் பட்டியலில் காணவில்லை. மார்த்தாவை அந்த நாலில் எதில் அடக்குவது? எஃப்பிஐ அதிகாரியின் செயலாளர் அவள். தனியாக இருப்பவள். ஃபிலிப் கிளார்க் என்ற பெயரில், பொய்முடி மாட்டிக்கொண்டு, அவளைக் காதலித்துக் கல்யாணமே செய்துகொள்கிறான். அவள் தன் அதிகாரியின் அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்திய பேனாவை வைக்கிறாள். அது வெளியே தெரிந்தபோது, அவளைக் காப்பாற்ற, அதே அலுவலகத்தில் வேலை பார்த்த ஓர் அப்பாவியைக் கொன்று, பழியையும் அவன் மேலேயே போட்டுவிடுகிறான் ஃபிலிப். கடைசியில் மார்த்தா மாஸ்கோவில் தனியாக, புதிதாக ரஷ்ய மொழி கற்றுக்கொண்டு வாழ்கிறாள். ஃபிலிப்புக்கு அவள்மேல் அக்கறை இருந்ததா? இருந்தது. நன்றாகவே இருந்தது. அந்த அக்கறை அவளுக்கு எதைக் கொடுத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் கதைக்காரர் கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். மேற்கு ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சகத்தில் செயலாளராக இருந்தவர் லியோனோர் சுட்டர்லின். அவர் கணவர் ஹைன்ஸ் சுட்டர்லின் கேஜிபியின் ஆள். 1967இல் இருவரும் கைதானார்கள். தன்னை அவர் மணந்ததே உத்தரவின் பேரில்தான் என்று விசாரணையில் தெரிந்துகொண்ட அந்தப் பெண்மணி சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். ரகசியம் போனதை அவர் தாங்கிக்கொண்டிருக்கக்கூடும். கல்யாணம் போனதைத் தாங்க முடியவில்லை.

சரி, ஃபிலிப்புக்கு வருகிறேன். அவனிடம் நட்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓர் இடத்தில் இருக்கிறது; கட்டுரையாளர் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விட்டார். சிஐஏ அதிகாரி ஒருவரின் மகள் கிம்மி. அவள் பதின்வயதில் இருக்கும்போதே வேறொரு பெயரில் அவளோடு பழகி, அவள் வீட்டுக்குள் ஒட்டுக்கேட்கும் கருவியை வைத்தவன் ஃபிலிப். கடைசிப் பருவத்தில் அவளைப் பல்கேரியாவுக்குள் இழுத்து அங்கே சிக்கவைத்து, அப்பாவை மிரட்ட ஒரு திட்டம் தயாராகிறது. ஃபிலிப் அவளைத் தொலைபேசியில் அழைத்து, இனி நாம் சந்திக்கப் போவதில்லை என்கிறான். யார் கூப்பிட்டாலும் எந்தக் கம்யூனிஸ்ட் நாட்டுக்கும் போய்விடாதே என்கிறான். அவ்வளவுதான். இனிமையாக ஒரு சொல் கிடையாது. கிம்மிக்கு அது புரியவும் இல்லை. ஆனால் அந்த ஓர் அழைப்பால் அவன் தன் திட்டத்தை இழக்கிறான். மனைவியின் கோபத்தைச் சம்பாதிக்கிறான். நான் கணக்குப் பார்த்துப் பழகியவன். நட்பா, காரியமா என்று சந்தேகம் வரும்போது ஒன்றைத்தான் பார்ப்பேன்: இரண்டும் மோதுகிற நாளில் பிரீமியம் கட்டுகிறவர் யார்? யங் ஹீ கட்டினாள். மார்த்தா கட்டினாள். கிம்மி விஷயத்தில் மட்டும் ஃபிலிப் கட்டினான்.

ஸ்டானும் உத்தமன் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். சோவியத் தூதரகத்தில் வேலை பார்த்த நீனாவின் சின்னத் தவறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிரட்டித் தன் பக்கம் இழுத்தவன் அவன். பிறகு காதலித்தான். அவளைக் காப்பாற்ற வேண்டுமானால் தன் நாட்டைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது நாட்டின் பக்கம் நின்றான். நீனா சுட்டுக் கொல்லப்பட்டாள். தப்பு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. காதல் உண்மை என்பதால் நீனா பிழைத்துவிடவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இனி அந்த இரண்டு வாகனக் கொட்டகைகள். முதல் அத்தியாயத்தில் ஸ்டான் சந்தேகப்பட்டு இரவில் ஃபிலிப்பின் கொட்டகைக்குள் நுழைந்து காரின் பின்பெட்டியைத் திறந்து பார்க்கிறான். ஒன்றும் இல்லை. திரும்பிப் போய்விடுகிறான். இருட்டில், சில அடி தூரத்தில், ஃபிலிப் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருக்கிறான். கடைசி அத்தியாயத்தில் வேறொரு வாகன நிறுத்தகம். இப்போது துப்பாக்கி ஸ்டான் கையில். எதிரே ஃபிலிப், எலிசபெத், மகள் பெய்ஜ். பத்து நிமிடத்துக்கு மேல் வெறும் பேச்சு. என் மகள் அந்தக் காட்சியில் மூச்சுவிடவில்லை. நான் மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

ஃபிலிப் என்ன பேசுகிறான் என்பதைக் கவனியுங்கள். தன் கேவலமான வாழ்க்கையில் ஸ்டான் ஒருவன்தான் நண்பன் என்கிறான். நம்புகிறேன். கொலைகளைப் பற்றி ஸ்டான் கேட்கும்போது தங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள். அது பச்சைப் பொய். பக்கத்தில் நிற்கிற எலிசபெத் செய்தவள். பிறகு சோவியத் தலைவர் கோர்பச்சேவைக் கவிழ்க்கச் சதி நடக்கிறது, அந்தச் செய்தியை நாங்கள் கொண்டு சேர்க்க வேண்டும் என்கிறார்கள். அது உண்மை, ஆனால் ஸ்டானின் மனச்சாட்சியைத் திறக்க அதைவிடப் பொருத்தமான சாவியும் இல்லை. உண்மை, பொய், கொக்கி, மன்னிப்பு, எல்லாம் ஒரே மூச்சில், ஒரே கம்மிய குரலில் வருகின்றன. இதில் எது நண்பன் பேச்சு, எது பயிற்சி? ஃபிலிப்புக்கே தெரிந்திருக்காது என்பது என் கட்சி. என் சைக்கிள் கதைதான்.

ஸ்டான் விலகி வழிவிடுகிறான். வேலை, பதவி, இத்தனை ஆண்டு தேடல் எல்லாவற்றையும் அந்த நிறுத்தகத்தில் போட்டுவிட்டு நிற்கிறான். அவர்கள் விட்டுப்போன மகன் ஹென்றியிடம் போய் விஷயத்தைச் சொல்கிற வேலையும் அவனுக்கே. இங்கே பிரீமியம் கட்டியவன் யார் என்று கட்டுரையாளரே சொல்லட்டும். அந்தக் கட்டடத்துக்குள் நட்பு இருந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அது ஸ்டானிடம் இருந்தது.

இதற்கும் நிஜத்தில் ஒரு முன்னோடி உண்டு. பிரிட்டிஷ் உளவுத்துறையில் உயர்ந்த பதவியில் இருந்துகொண்டே சோவியத்துக்கு வேலை செய்தவர் கிம் ஃபில்பி. அவரை நம்பி, அவர்மேல் சந்தேகம் எழுந்தபோது பரிந்து பேசியவர் சக அதிகாரியும் இருபது ஆண்டு நண்பருமான நிக்கோலஸ் எலியட். 1963 ஜனவரியில் பெய்ரூட்டுக்குப் போய் ஃபில்பியை நேருக்கு நேர் விசாரிக்கும் வேலை அதே எலியட்டுக்கு வந்தது. ஃபில்பி பாதி ஒப்புக்கொண்டார். எலியட் பெய்ரூட்டை விட்டுக் கிளம்பினார். அதே மாதம் 23ஆம் தேதி இரவு ஃபில்பி காணாமல் போனார். பிறகு மாஸ்கோவில் தென்பட்டார். வேண்டுமென்றே கதவைத் திறந்துவைத்தார்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எலியட்டோடு பழகிய ஆண்டுகளில் ஃபில்பி மகிழ்ச்சியாக இல்லாமலா இருந்திருப்பார்?

கடைசியாக ஒன்று. கிளம்பும் நேரத்தில் ஃபிலிப் ஸ்டானிடம், உன் மனைவி ரெனேயும் எங்களில் ஒருத்தியாக இருக்கலாம், நிச்சயமாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான். இது நண்பனின் எச்சரிக்கையா, போகிறபோக்கில் தூவிய விஷமா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் சண்டை. "ஒரு மனிதனுக்கு மிச்சமிருந்த ஒரே துணையையும் பறித்துவிட்டான்" என்கிறாள் மகள். நான் எதிர்க்கட்சி. அத்தனை ஆண்டுப் பழக்கத்தில் ஃபிலிப் எந்த ஆதாயமும் இல்லாமல் ஸ்டானுக்குக் கொடுத்த ஒரே தகவல் அதுதான். கொடூரமானது, தாமதமானது, ஆனாலும் கொடுத்தான். அந்த ஒரு வரியை மட்டும் நட்புக் கணக்கில் எழுத எனக்குச் சம்மதம்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி ஆசிரியராக இருந்த என் நண்பர் ஒருவர் பதினோரு ஆண்டுகளாக ஒரு பாலிசியை ஒழுங்காகக் கட்டிவந்தார். ஒரு மார்ச் மாதக் கடைசியில் என் இலக்குக்கு இரண்டு பாலிசிகள் குறைந்தன. புதுப் பாலிசிக்கு முதலாண்டில் முகவருக்குக் கிடைக்கும் கமிஷன் அதிகம். பழையதைச் சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் சேருவதே நல்லது என்று அவரிடம் சொன்னேன். நல்லதில்லை, கட்டிய பணத்தில் அவருக்கு நஷ்டம், வயது ஏறியதால் புதிய பிரீமியமும் கூடுதல். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். பிற்பாடு அவர் மனைவி மருத்துவமனையில் கிடந்தபோது இரண்டு இரவுகள் நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு இரவுகளும் பொய்யில்லை. அந்த மார்ச் மாதமும் பொய்யில்லை. இன்றுவரை அவரிடம் நான் அதைச் சொன்னதில்லை. இப்போதும் என் பிறந்த நாளுக்கு முதல் அழைப்பு அவருடையதுதான். அவரிடம் நாட்குறிப்பு எதுவும் கிடையாது.

ஆகவே (எனக்கும் ஒரு 'ஆகவே' இருக்கட்டும்) தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதம் வெளியிடத் தகுந்தது என்று தோன்றினால், அடுத்த ஞாயிறுக்கு முன்னால் வெளியிட வேண்டாம். அந்த நண்பர் தங்கள் நாளிதழை வாசகர் கடிதம் வரை ஒரு வரி விடாமல் படிப்பவர். சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று சொல்லவில்லை. என் பெயரைப் போடலாமா என்பதை அவரைப் பார்த்துவிட்டு வந்து தொலைபேசியில் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஓய்வுபெற்ற காப்பீட்டு முகவர்